திரிந்த சொதி: பதினோரு வருட மௌனத்துக்குப் பின் ஒரு வளவு மர்மத்தொடர்

பதினோரு வருடம் நின்றிருந்த ஒரு மர்மத்தொடரின் எழுத்தாளர் மறுபிரவேசத்துக்காக எழுதிய கையெழுத்துப் பிரதியின் 41-ஆம் பக்கத்தில், துப்புத் துலக்கும் ஆச்சி தூக்குவாளியைத் திறந்து பார்க்கிறாள். உள்ளே மறுவீட்டுச் சொதி, கல்யாணத்தை அடுத்த மறுவீட்டு விருந்தில் வைக்கும் தேங்காய்ப்பால் குழம்பு. "கெட்டுப்போச்சு" என்கிறாள். அதை வைத்துத்தான் கொலையாளியைப் பிடிக்கிறாள். முன்வாசிப்புக்குப் படித்த எட்டுப் பேரில், திருநெல்வேலி டவுணில் வளவில் (ஒரே வெளிக்கதவுக்குள் பல வீடுகள்) வாழ்ந்த இரண்டு பேரும் அந்த இடத்திலேயே பென்சிலால் கோடு போட்டுவிட்டார்கள். சொதி கெடுவது வேறு, திரிவது வேறு. இந்த வித்தியாசம் எழுத்தாளருக்கு ஒரு காலத்தில் கைவந்த பாடம். பதினோரு வருடத்தில் அது நழுவியிருந்தது.

இங்கே எழுத்தாளரின் பெயரும் வெளியீட்டாளரின் பெயரும் கிடையாது. நின்றுபோன தொடரை மறுபடி எடுக்கும்போது வழக்கமாக எதிர்ப்படும் சிக்கல்களை ஒரே தொடரின் மேல் வைத்துக் காட்டுவதற்காகக் கோத்த மாதிரி நிகழ்வு இது. ஊரும் சட்டமும் தேதிகளும் நிஜம்.

தொடரின் நிலவரம்

ஏழு குறுநாவல்கள். ஒவ்வொன்றும் 24,000 முதல் 26,000 சொற்கள், மாத நாவல் அளவு. முதலாவது 2005-இல், ஏழாவது 2013 ஜனவரியில். களம் திருநெல்வேலி டவுணில் ரத வீதியை ஒட்டிய ஒரு வளவு: ஒன்பது வீடுகள், ஒரு பொதுக் கிணறு, தெருவுக்கு ஒரே வெளிக்கதவு, பின்னால் ஆள் ஒருக்களித்து நடக்கிற முடுக்கு. துப்புத் துலக்குவது தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆச்சி. ரத்தம் பக்கத்தில் சிந்தாது, கொலை கதவுக்குப் பின்னால் நடக்கும், குற்றவாளி தெரிந்த முகமாக இருப்பார், கடைசியில் வளவு பழையபடி மூச்சு விடும். இங்கிலீஷ்காரர்கள் கோஸி மிஸ்டரி என்று சொல்லும் வகை. அவர்களுக்கு அதற்கு ஒரு கிராமம் வேண்டியிருக்கிறது. நமக்கு வளவு போதும். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது காலை பதினொன்றுக்கே ஒன்பது வீட்டுக்கும் தெரிந்துவிடுகிற இடத்தில் ரகசியம் காப்பதே பெரிய குற்றம்தானே.

எழுத்து நின்றதற்குக் காரணம் சாதாரணமானது. வீட்டில் நோய், சென்னைக்கு மாற்றல், நாவல் போட்டுக்கொண்டிருந்த மாத இதழ் நின்றது. ஏழாவது நாவலின் கடைசிப் பக்கத்தில் ஆச்சிக்கு ஒரு ரிஜிஸ்தர் தபால் வருகிறது. அவள் அதைப் பிரிக்காமல் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டுகிறாள். வாசகர்கள் பதினோரு வருடம் அந்தப் பெட்டியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் பிரதி ஏன் விழுந்தது

2024-இல் எழுதிய முதல் பிரதி 61,000 சொற்கள். பழைய நாவலைப் போல இரண்டரை மடங்கு. நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிறவர்கள் பெரும்பாலும் இதையே செய்கிறார்கள். காத்திருந்ததற்கு ஈடு கட்ட வேண்டும் என்ற எண்ணம். வாசகருக்கோ அந்தத் தொடர் ஒரு மதிய வேளையில், சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் நடுவில், முடிந்துபோகிற அளவில்தான் பிடித்திருந்தது.

அளவு பெரிய சிக்கல் இல்லை, வெட்டினால் சரியாகிவிடும். காலம்தான் சிக்கல். கதை நிகழ்காலத்தில் நடந்தது, ஆனால் தடயங்கள் 2005-இன் மூளையிலிருந்து வந்தன. வெளிக்கதவுக்கு எதிரில் இருக்கிற நகைக்கடையில் கேமரா இருக்காதா என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே ஒரு முன்வாசகர் கேட்டார். அதற்குப் பதில் இல்லை. கொலையாளி ஜங்ஷன் பேருந்து நிலையத்தில் ஒளிந்திருந்ததாக ஒரு காட்சி. அந்த நிலையம் சீர்மிகு நகரத் திட்டத்துக்காக 2018-இல் இடிக்கப்பட்டு வருடக்கணக்கில் மூடிக் கிடந்தது. குற்றாலத்தைத் திருநெல்வேலி மாவட்டம் என்று எழுதியிருந்தார். 2019 நவம்பர் 22-இலிருந்து அது தென்காசி மாவட்டம். ஆயிரம் ரூபாய்க் கட்டு ஒன்று பரணில் அகப்படுகிறது. 2016 நவம்பர் 8-க்குப் பிறகு அது துப்பு இல்லை, பழைய காகிதம்.

சட்டப் பிரிவுகளிலும் இதே கதை. சந்தேக மரணத்துக்கு 174 என்றும் கொலைக்கு 302 என்றும் பிரதியில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்களின்படி அவை முறையே 194, 103. இன்ஸ்பெக்டர் வாயில் "முன்னூத்திரெண்டு" என்று வந்தால் கதை எந்த வருடத்தது என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். இன்னொன்று: டவுணில் நடந்த சாவுக்கு மாவட்ட எஸ்.பி. வந்து நின்றார். டவுண் மாநகரக் காவல் ஆணையரின் எல்லை. இந்தப் பிழைக்கு மௌனத்தைக் குற்றம் சொல்ல முடியாது. இது முன்பே மூன்றாவது நாவலிலும் இருக்கிறது, அப்போது யாரும் கேட்கவில்லை.

கதைக்கு வருடம் தேர்ந்தது

இரண்டு வழிகள் இருந்தன. ஆச்சிக்கும் பதினோரு வயதைக் கூட்டி இன்றைய ஊரில் இறக்குவது ஒன்று. மௌனத்தை ஒட்டிய பழைய காலத்திலேயே விட்டுப்போன ஒரு வழக்கைச் சொல்வது மற்றொன்று. இரண்டாவதற்குப் பழைய முன்மாதிரி உண்டு. கோனன் டாயில் தன் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸை 1893-இல் அருவியில் தள்ளினார். 1901-இல் திரும்பியபோது உயிர்ப்பிக்கவில்லை. சாவுக்கு முந்திய ஒரு வழக்கைத்தான் எழுதினார். உயிரோடு கொண்டுவந்தது 1903-இல். முதலில் வாசகரிடம் பழைய உறவைப் புதுப்பித்துக்கொண்டு, கஷ்டமான விளக்கத்தைப் பிறகு சொன்னார்.

இந்த எழுத்தாளரும் அதையே எடுத்தார். ஆனால் எந்த வருடம்? முதலில் தேர்ந்தது 2013 ஜூலை. நாட்டில் தந்திச் சேவை நின்ற மாதம், தபாலாபீஸ் ஆச்சிக்குப் பொருத்தம் என்று நினைத்தார். பொருந்தவில்லை. அப்போது தந்தியை நடத்தியது பி.எஸ்.என்.எல்., தபால் துறை இல்லை. தபாலும் தொலைத்தொடர்பும் 1985-இலேயே பிரிந்துவிட்டன. ஆச்சியின் பழைய சகாக்கள் கடைசித் தந்தியை அனுப்பி அழுகிற காட்சி அழகாகத்தான் இருந்தது. அதை அப்படியே தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

கடைசியில் நின்றது 2012 ஐப்பசி. காரணம் மின்வெட்டு. அந்த ஐப்பசியில் சென்னைக்கு வெளியே நாளின் பெரும்பகுதி கரண்ட் கிடையாது. கேமரா இருந்தாலும் ஓடாது, ஃபிரிட்ஜ் இருந்தாலும் குளிராது, செல்போனில் சார்ஜ் நிற்காது. இன்றைய மர்மக்கதைக்காரர்கள் கேமராவை எப்படி ஒழிப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும்போது, அந்த வருடம் அரசாங்கமே அதைச் செய்து கொடுத்திருந்தது. ஐப்பசியில் நெல்லையப்பர் கோயில் திருக்கல்யாணம் வேறு, தெருவில் கூட்டத்துக்குக் குறைவில்லை. கல்யாண மாதமும்கூட, ஆகவே மறுவீட்டுச் சொதியும் தானாகப் பொருந்தியது.

இந்தத் தேர்வில் இன்னொரு லாபம். ஏழாவது நாவலில் ஆச்சி இடது கையில் மாவுக்கட்டோடு வருகிறாள், ஏன் என்று அங்கே ஒரு வரி இல்லை. எழுத்தாளரே மறந்துபோன விவரம் அது. புது நாவல் ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவில் விழுவதால், கிணற்றடியில் அவள் வழுக்கி விழும் காட்சி அந்தக் கட்டுக்குக் காரணமாயிற்று. பழைய வாசகர் கதையை விட இதைத்தான் அதிகம் கொண்டாடினார்கள்.

தொடர்க் குறிப்பேடு

வருடத்தைத் தேர்ந்த பிறகு செய்த முதல் வேலை, ஏழு நாவல்களையும் வாசகராக அல்லாமல் கணக்குப்பிள்ளையாகப் படித்தது. 192 பக்க நோட்டு ஒன்று, ஆளுக்கு இரண்டு பக்கம், வீட்டுக்கு ஒரு பக்கம். ஆளுக்கான பக்கத்தில் வயது, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார், யாருக்கு எது தெரியும், எந்த நாவலில் தெரிந்தது. கடைசிக் கலம்தான் முக்கியம். நாலாவது நாவலில் தெரிந்துகொண்ட ரகசியத்தைப் புது நாவலில் ஒருவர் புதிதாகக் கேட்டு அதிர்ச்சியடைந்தால் தொடர் முழுதும் பொய்யாகிவிடும். நாவலுக்கு மூன்று நாள் வீதம் இருபத்தொரு நாள் ஆனது.

வளவின் வரைபடத்தைப் போட்டபோதுதான் தெரிந்தது, மூன்றாவது நாவலில் வெளிக்கதவு கிழக்கே பார்க்கிறது, ஐந்தாவதில் வடக்கே. அச்சில் வந்துவிட்டதை மாற்ற முடியாது. புது நாவலில் திசையே சொல்லாமல் "கோயில் பக்கம்", "முடுக்குப் பக்கம்" என்று எழுதித் தப்பித்தார். இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை, வளவில் இருக்கிறவர்கள் அப்படித்தான் வழி சொல்வார்கள்.

பழைய பிரதிகளைக் கணினிக்குக் கொண்டுவருவது தனிப் பாடு. இரண்டு நாவல்களுக்கு மட்டும் பழைய எழுத்துரு கொண்ட டி.டி.பி. கோப்பு கிடைத்தது, மீதி ஐந்தையும் ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்துபோகும். ர-வும் துணைக்காலும் இடம் மாறும். ஸ்கேனிலிருந்து எழுத்தை எடுத்தால் ண, ன குழம்பிக் கிணறு "கினறு" ஆகும். இதெல்லாம் கண்ணுக்குப் படும், திருத்திவிடலாம். படாதது எண்கள். கொலை நடந்த இரவு 7.10 என்பது 1.10 ஆகியிருந்தது. வாக்கியம் சரி, இலக்கணம் சரி, கதை மட்டும் செத்துப்போயிற்று. மர்மக்கதையில் எண்களுக்கு மட்டும் தனியாக ஒரு சுற்றுப் பிழைதிருத்தம், அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்க்காமல் வெளியிடக் கூடாது.

சொதித் தடயம்

இறந்தவர் ஓய்வு பெற்ற தவசுப்பிள்ளை, அதாவது விருந்துச் சமையல்காரர். வளவின் ஏழாம் வீட்டில் தனியாக இருக்கிறார். மறுவீட்டு விருந்துக்கு அவர் வரவில்லை, மதியம் ஒரு மணிக்குத் தூக்குவாளியில் சொதி அவருக்குப் போகிறது. இரவு அரங்கில், அதாவது ஜன்னல் இல்லாத உள்ளறையில், செத்துக் கிடக்கிறார். ஏழு மணிக்குத் தான் பார்க்கப் போனபோது அவரே சொதியைச் சுடவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று ஒருவர் சொல்கிறார், வெளியூர்க்காரர். அவர் பேச்சு நிஜமானால் சாவு ஏழு மணிக்குப் பிறகு.

தடயம் நிற்பது சமையலில். பாசிப்பருப்பு வெந்து, முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் காரட்டும் பீன்ஸும் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகும். இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்துச் சேர்ப்பார்கள். தலைப்பால் கடைசியில். ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். எலுமிச்சம்பழம் அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான். புளிப்பு ஏறிய தேங்காய்ப்பாலைத் திரும்பக் கொதிக்கவிட்டால் எண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும், கீழே திப்பி திப்பியாகத் திரியும். கல்யாண வீடுகளில் காலம் கழித்த தவசுப்பிள்ளை அதைத் தளதளவென்று கொதிக்கவிடுவாரா? வேறு கை அடுப்பில் இருந்திருக்கிறது.

முதல் பிரதியில் "கெட்டுப்போச்சு" என்று இருந்தது. கெட்டால் புளித்த வாடை, நூல் பிடிக்கிற கொழகொழப்பு. மதியத்துச் சொதி இரவுக்குள் தானாகவே அப்படி ஆகலாம், அதில் துப்பு ஒன்றும் இல்லை. திரிந்தால்தான் துப்பு. எழுத்தாளர் பிறகு ஒரு தேங்காயில் சொதி வைத்து ஆறு மணி நேரம் வெளியே விட்டுப் பாதியைக் கொதிக்கவைத்தும் பாதியை அப்படியே வைத்தும் ஒப்பிட்டுப் பார்த்தார். திருத்திய பக்கத்தில் ஆச்சி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. கரண்டியைச் சாய்த்து எண்ணெய் வழிவதைப் பார்க்கிறாள், மூடி வைக்கிறாள்.

வாசகருக்கு இது நியாயமாக இருக்க வேண்டுமானால் சொதி வைக்கும் முறை கொலைக்கு முன்னாலேயே கதையில் வந்திருக்க வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தில் விருந்துச் சமையலின்போது மைனி மருமகளை அதட்டுகிறாள்: "ஏட்டி, தலப்பால ஊத்திட்டு அங்கன என்ன பராக்குப் பாக்க? கொதிச்சுட்டுன்னா சபையில வைக்க முடியுமா?" மாமியார் மருமகள் பூசலாகத்தான் அது படிக்கும். தடயத்தை ஒளிக்க நல்ல இடம் ஒரு சண்டையின் நடுவில். அதே அத்தியாயத்தில் இஞ்சிப்பச்சடி தீர்ந்துபோன ரகளை ஒன்றும் உண்டு. அதற்கும் கொலைக்கும் சம்பந்தமில்லை. சொதியையே தனியாகக் காட்டினால் வாசகர் முகர்ந்துவிடுவார், கூட ஒரு துணை வேண்டும்.

முதல் பிரதியில் பதினொரு தடயங்கள். வெட்டிச் சுருக்கிய பிறகு நின்ற 27,000 சொல்லுக்கு அது நெரிசல். ஆறு போதும் என்று நிறுத்தினார்: மூன்று நிஜம், இரண்டு திசைதிருப்புபவை, ஒன்று இரண்டு பக்கமும் பேசுவது. நிஜத் தடயம் எதுவும் கடைசி மூன்றிலொரு பங்கில் முதல்முறையாக வரவில்லை.

பேச்சு

சென்னையில் இருந்த வருடங்கள் பேச்சில்தான் அதிகம் தெரிந்தன. முதல் பிரதியில் ஏட்டு "என்ன பாட்டி, இங்க இருக்கீங்க?" என்கிறார். பழைய நாவல்களில் அவரே "என்ன ஆச்சி, இங்கன இருக்கிய?" என்பார். இதைச் சுட்டிக்காட்டியதும் எழுத்தாளர் மறுபக்கம் சாய்ந்தார். அடுத்த பிரதியில் எல்லோரும் எல்லோரையும் "ஏல", "வே" என்றார்கள். "வே" ஆண்கள் தங்களுக்குள், ஏறக்குறைய சம வயதில் பேசுவது. ஆச்சியிடம் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள், பேசினால் அன்றைக்கே வளவில் பஞ்சாயத்து.

நாலு சொல்லைத் தூவுவதால் நெல்லைப் பேச்சு வந்துவிடாது. வினை முடிகிற இடத்தில் இருக்கிறது அது: சொல்லுதேன், வந்தாவ, போறிய, இருக்காவ. இந்த முடிவுகள் சரியாக இருந்தால் நடுவில் ஒரு வட்டாரச் சொல்லும் இல்லாமலே ஊர் கேட்கும். வீட்டுக்குள் புழங்கும் பெயர்களும் அப்படியே. ஹால், கிச்சன் என்று இருந்த இடமெல்லாம் தார்சா, பட்டாசாலை, அடுப்படி, அங்கணம் என்று திரும்பின. அரங்கு என்று எழுதினால், ஜன்னல் இல்லாத உள்ளறை என்று விளக்க ஒரு வரி செலவழிக்க வேண்டாம். வெளியூர் வாசகருக்காகக் கதையில் ஒரு தரம் கைவிளக்கோடு யாரையாவது உள்ளே அனுப்பினால் போதும்.

உரிமை

பழைய ஏழையும் மறுபதிப்புச் செய்ய முடியுமா என்பதைப் புது நாவலுக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும், பின்னால் பார்த்தார். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19-ஆம் பிரிவு: உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம் என்று கொள்ள வேண்டும். இவருடைய ஏழில் ஐந்துக்குப் பணம் பெற்ற வவுச்சர் தவிர எழுத்து எதுவும் இல்லை. ஒன்றில் எழுத்து உண்டு, காலம் இல்லை, ஐந்து வருடம் எப்போதோ கடந்துவிட்டது. ஏழாவதில் மட்டும் "பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும்" என்று ஒரு வரி. அதற்கு இந்த ஐந்து வருடக் கணக்கு உதவாது, வெளியீட்டாளரிடம் எழுதி வாங்க வேண்டும். வவுச்சரின் பின்பக்கத்தையும் படித்துப் பார்ப்பது நல்லது, சில இடங்களில் ரப்பர் ஸ்டாம்பாக நிபந்தனை அடித்திருப்பார்கள். பழைய அட்டைப்படத்தின் உரிமை தனி, கதை உரிமையோடு சேர்ந்து வராது.

வாசகரிடம் போனது

முதலில் எழுதிய அறிவிப்புக் கடிதம் 900 சொற்கள். நோய், மாற்றல், குற்றவுணர்வு எல்லாம் அதில் இருந்தன. அச்சுக்குப் போனது 110 சொற்கள்: புது நாவல் எப்போது, பழையவற்றைப் படிக்காமல் படிக்கலாமா, அந்த ரிஜிஸ்தர் தபால் இதில் பிரியுமா. மூன்றாவதற்குப் பதில் "இல்லை, அடுத்ததில்". இதை மறைத்திருந்தால் கடைசிப் பக்கத்தில் புத்தகம் சுவரில் போய் அடித்திருக்கும்.

நாவலுக்கு ஆறு வாரம் முன்னால் 5,000 சொல்லில் ஒரு சிறுகதை, கொலை இல்லை, கிணற்று வாளி திருட்டு மட்டும். ஆச்சியின் குரல் பழையபடி இருக்கிறதா என்று வாசகர் ருசி பார்க்க இது. இங்கே ஒரு தவறு நடந்தது. கிண்டிலில் தனியுரிமைத் திட்டத்தில் சேர்த்துவிட்டு, அதே கதையை ஒரு தொடர்கதைச் செயலியிலும் போட்டார். அந்தத் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. எச்சரிக்கை வந்த பிறகு செயலியிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று, அங்கே வந்து சேர்ந்த கருத்துகளும் அதோடு போயின. அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டு இல்லை.

அச்சு: டெம்மி அளவு, பக்கத்துக்குச் சுமார் 215 சொல், 27,000 சொல் 126 பக்கம், முன்பக்கங்களோடு 136. பதினாறு பக்கம் ஒன்றாக அச்சாகும் தாளான ஃபாரத்தில் இது எட்டரை. அரை ஃபாரத்துக்குத் தனியாகச் செலவு என்பதால் எழுத்தின் அளவை அரைப் புள்ளி குறைத்து 128-க்குள், எட்டு ஃபாரத்தில் அடக்கினார்கள். வளவின் வரைபடத்துக்கு ஒரு பக்கம் விடாமல் இருந்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும், ஆனால் அதை விடக் கூடாது என்பதுதான் சரி. முதல் அச்சு 300 பிரதி, திருநெல்வேலியில் நடக்கும் பொருநை புத்தகத் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் கைக்கு வரும்படி. முன்பதிவுக்காரர்களுக்குத் தபாலில் அனுப்புவதைத் திருவிழாவுக்கு முன்பே முடித்தது நல்ல முடிவு. காசு கொடுத்துக் காத்திருப்பவர் கடையில் அதே புத்தகத்தைப் பார்க்கும்படி ஆகக் கூடாது.

முதல் அச்சில் தப்பிய பிழை ஒன்று வாசகர் சொல்லித்தான் தெரிந்தது. ஐந்தாம் அத்தியாயத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைக்கிறார்கள், அதே மணிக்கு வளவு முழுதும் கரண்ட் இல்லை. மறு அச்சில் மோட்டார் போய் ராட்டும் கயிறும் வந்தன. ராட்டுச் சத்தத்தை இரண்டாம் வீட்டுத் தாத்தா கேட்டதாக ஒரு வரி சேர்ந்தது, ஆறாம் அத்தியாயத்தில் நேரக் கணக்கு இதனால் இன்னும் இறுக்கமாயிற்று.

இப்போது மேசையில் இருப்பது ரிஜிஸ்தர் தபால். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது, ஆகவே ஆச்சி அந்த உறையை இன்றைக்குப் பிரித்தால் அதன் மேல் இருக்கும் சீட்டு தனிச் சேவையாக இல்லாமல் போன ஒன்றின் சீட்டு. அனுப்பியவருக்குத் திரும்பிப் போன ஏ.டி. அட்டையில் (தபாலைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை அட்டை) ஆச்சியின் கையெழுத்து இருக்கும். அந்த அட்டை யார் கையில் என்பதை எழுத்தாளர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டார். ஏன் பிரிக்கவில்லை என்ற இடம் இன்னும் காலி.